சிவசைலம் சாரின் வழி

3.2.2025, திங்கள்

இந்த நாட்குறிப்பை எழுத்து ஆசையில் தொடங்கவில்லை. என் பாதுகாப்புக்காகத் தொடங்குகிறேன். "தெனமும் நடந்ததை நாலு வரி எழுதி வச்சுக்கிடும் வே. நாளைக்கு எவனாவது கேட்டா, அன்னைக்கு நீரு என்ன சொன்னீரு, என்ன சொல்லலன்னு ஆதாரம் இருக்கும்" என்று சிவசைலம் சார் பலமுறை சொல்லியிருக்கிறார். முப்பத்து நான்கு வருட வேலையில் இதுவரை தேவைப்படவில்லை. இன்று தேவை வந்துவிட்டது. எங்கள் கல்வி அலுவலகத்தின் அதிகாரி மேடம் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக ஐந்து வார விடுப்பில் போகிறார். அவர் திரும்பும்வரை கண்காணிப்பாளராகிய நான்தான் பொறுப்பு அதிகாரி. ஜூலை 31 அன்று ஓய்வு பெறப்போகிறவன் தலையில் இப்படி ஒரு கிரீடம்.

அதிகாரி என்றால் பச்சை மை. சாயங்காலம் கடையில் பச்சைப் பேனா வாங்கினேன். எழுதிப் பார்க்கக் கடைக்காரர் காகிதம் நீட்டினார். எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். நான் ஒரு கோடு மட்டும் கிழித்துப் பார்த்து வாங்கினேன். முன்பின் தெரியாத காகிதத்தில் என் கையெழுத்து எதற்கு?

குளியலறைக் குழாய் சொட்டுகிறது. எங்கள் தெருப் பிளம்பர் சுடலையைக் கூப்பிடுவதா, மார்க்கெட் பக்கத்துப் பிளம்பரைக் கூப்பிடுவதா என்று மனைவி வடிவு கேட்டாள். யோசிக்க வேண்டும் என்றேன்.

5.2.2025, புதன்

சிவசைலம் சாரைப் பற்றி ஒரு குறிப்பு இதில் இருப்பது நல்லது. இன்று நான் நானாக இருப்பதற்கு அவர்தான் காரணம். 1991இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் கண்காணிப்பாளர். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடிப்பது, சர்க்கரை இல்லாத டீ, பதில் சொல்வதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது, எல்லாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவை. கண்ணில் கோளாறு வருவதற்கு மூன்று வருஷம் முன்பே நான் கண்ணாடி போட்டேன் என்று வடிவு ஊரெல்லாம் சொல்லுவாள். அது மிகை. ஒரு வருஷம்தான்.

அவரிடம் நான் கற்றதில் பெரியது 'பேசுக'. இந்தச் சொல் எல்லா அலுவலகத்திலும் உண்டு. கோப்பில் ஏதாவது விளங்கவில்லை என்றால் மேலே இருப்பவர் ஓரத்தில் 'பேசுக' என்று எழுதுவார். கீழே இருப்பவர் நேரில் போய் விளக்குவார். மற்றவர்கள் இதைச் சந்தேகம் தீர்க்கப் பயன்படுத்தினார்கள். சார் இதைக் குடையாகப் பிடித்தார். கோப்பு வரும், 'பேசுக' என்று எழுதுவார். எழுத்தர் வந்து பேசுவார். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு "சரி, பாப்போம்" என்பார். ஒரு மாதம் கழித்துக் கோப்பு மறுபடி வரும். மறுபடியும் 'பேசுக'. எழுத்துக்குத்தான் சாட்சி உண்டு, பேச்சுக்கு ஏது? கொஞ்ச காலத்தில் பிரச்சினை தீர்ந்துவிடும், அல்லது கேட்டவர் ஓய்ந்துவிடுவார். "கையெழுத்துப் போட்டவன் மாட்டுவான் வே. பேசச் சொன்னவன் மாட்டமாட்டான்" என்பார். நான் பார்க்க அவருக்கு ஒரு மெமோ வந்ததில்லை. எனக்கும் வந்ததில்லை.

எனக்கும் ஒரு சிஷ்யை இருக்கிறாள். ஜெபராணி, ஒன்பது வருஷமாக என் பிரிவில் உதவியாளர். நான் சொல்லிக் கொடுப்பதை அப்படியே பிடித்துக்கொள்வாள். இப்போதெல்லாம் சில கோப்புகளை என்னிடம் கொண்டுவராமலே "இது பேசுகதானே சார்?" என்று கேட்டுத் திருப்பி வைத்துவிடுகிறாள். பெருமையாக இருக்கிறது.

6.2.2025, வியாழன்

முத்துப்பேச்சி வந்தாள். முப்பத்தெட்டு வயது, பீடி சுற்றுகிறாள், இரண்டு பெண் பிள்ளைகள். கணவன் அரசுப் பள்ளியில் இரவுக் காவலராக இருந்து 2022 பிப்ரவரி 28 அன்று இறந்துபோனான். கருணை அடிப்படையில் வேலை கேட்டிருக்கிறாள். மூன்று வருஷத்துக்குள் நம் முன்மொழிவு மாவட்டத் தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதாவது இந்த மாதம் 28ஆம் தேதி மாலைக்குள். தவறினால் அந்தக் கதவு மூடிவிடும்.

தடை ஒன்றுதான். அவளுடைய எட்டாம் வகுப்புச் சான்றிதழின் அசல் 2023 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. மங்கலான ஒரு ஜெராக்ஸ் மட்டும் இருக்கிறது. புதுப் பிரதிக்கு எழுதிப் போட்டிருக்கிறாள், இன்னும் வரவில்லை. அதிகாரி தன் பொறுப்பில் நகலை ஏற்கலாம் என்று விதியில் இடம் உண்டு. 'ஏற்கலாம்' என்றுதான் இருக்கிறது. 'ஏற்க வேண்டும்' என்று இல்லை.

"வெள்ளத்துல பீரோவே போயிட்டு அய்யா. இந்த ஜெராக்ஸு எங்க அண்ணன் வீட்டுல கெடந்துச்சு. தண்ணிக்குத் தெரியுமா, எது அசலு, எது நகலுன்னு?" என்றாள்.

தண்ணீருக்குத் தெரியாது. தணிக்கைக்குத் தெரியும்.

நானும் கருணை அடிப்படையில் வந்தவன்தான். என் அப்பா இதே அலுவலகத்தில் கடைநிலை ஊழியராக இருந்து இறந்தார். ஆனால் என் காகிதங்கள் அத்தனையும் சுத்தம். அம்மா அலைந்து திரிந்து எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுத்திருந்தாள்.

முத்துப்பேச்சியின் கோப்பு பதினான்கு மாதமாக இங்கே இருக்கிறது. அதில் நான்கு இடத்தில் 'பேசுக' இருக்கிறது. நான்கும் நீல மை. யார் எழுதியது என்பது இங்கே முக்கியமில்லை.

10.2.2025, திங்கள்

ஜெபராணி கோப்பைக் கொண்டுவந்தாள். 'பேசுக' எழுதினேன். பச்சையில் எழுதும்போது இன்னும் கம்பீரமாக இருக்கிறது.

12.2.2025, புதன்

ஜெபராணி பேசினாள். "பாப்போம்" என்றேன். குழாய் முன்பைவிட வேகமாகச் சொட்டுகிறது.

15.2.2025, சனி

பாளையங்கோட்டைக்குப் போய் சிவசைலம் சாரைப் பார்த்தேன். எழுபத்தேழு வயதாகிறது. கண்ணில் புரை. நான்கு வருஷத்துக்கு முன்பே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். டிவிக்கு மிக அருகில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பி ஒரு கண்ணால் பார்க்கிறார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"நீரு எதுக்கு வே கையெழுத்துப் போடணும்? ரெண்டு வாரந்தானே. ஓட்டிரும். தேதி போயிட்டுன்னா கோப்பு தானா முடிஞ்சிரும். நீரு இல்லன்னு சொன்ன மாதிரியும் ஆகாது, ஆமான்னு சொன்ன மாதிரியும் ஆகாது."

"அந்தம்மாவுக்கு வேற வழி இல்ல சார்."

"உமக்கு ஜூலைல ஓய்வு. மெமோ ஒண்ணு நிலுவைல இருந்தா ஓய்வுபெற விடமாட்டான். வாசல்ல நிறுத்திருவான். தெரியும்லா?"

தெரியும். எங்கள் வேலையில் அதைவிடப் பெரிய பயம் கிடையாது.

சாரின் மகள் காந்திமதி காப்பி கொண்டுவந்தாள். நாற்பத்தாறு வயது. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். "அப்பா என்ன சொல்லுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி? எனக்கு முப்பத்திரண்டு வரன் வந்துச்சு. எல்லாரையும் உக்கார வச்சு, காப்பி குடுத்து, 'பேசிட்டுச் சொல்லுதோம்'னாங்க. இப்ப அவங்கள்ல பாதிப் பேரு பேரன் பேத்தி எடுத்துட்டாங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். காப்பி நன்றாக இருந்தது.

17.2.2025, திங்கள்

வடிவு அவளே சுடலையைக் கூப்பிட்டுக் குழாயை மாற்றிவிட்டாள். பத்து நிமிட வேலையாம். என்னிடம் கேட்டிருக்கலாம். "பதினஞ்சு நாளா கேட்டேன்" என்கிறாள்.

18.2.2025, செவ்வாய்

ஒரு யோசனை தோன்றியது. இதே அலுவலகத்தில் எப்போதாவது, யாராவது, அசல் காகிதம் இல்லாமல் ஏற்றிருந்தால் அது முன்னுதாரணம். முன்னுதாரணம் இருந்தால் அதன் எண்ணைக் குறிப்பிட்டுக் கையெழுத்துப் போடலாம். பழி பாதிக்குப் பாதி ஆகிவிடும். ஆவண அறையில் பழைய கருணை வேலைக் கோப்புகளை எல்லாம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஜெபராணி முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு போனாள். எலிப் புழுக்கையும் தூசியுமாக அங்கே ஐம்பது வருஷம் கிடக்கிறது.

20.2.2025, வியாழன்

முத்துப்பேச்சி காலை பத்து மணிக்கு வந்து வாசல் படியில் உட்காருகிறாள். பீடி இலைத் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருக்கிறாள். அலுவலகம் மூடும்போது போகிறாள். அரசு அலுவலக வளாகத்தில் பீடி சுற்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் வேலியை ஒட்டி, வளாகத்துக்கு ஒரு அடி வெளியே உட்கார்ந்திருந்தாள்.

இல்லை, தேதி தப்பு. சொல்லி அனுப்பியது நேற்று. இன்றுதான் வெளியே உட்கார்ந்திருந்தாள்.

21.2.2025, வெள்ளி

மூன்றரை மணிக்கு ஜெபராணி ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தாள். கட்டிய துணியை இன்னும் கழற்றவில்லை.

"முன்னுதாரணம் கெடச்சிருச்சு சார்."

"யாரோட கேஸு?"

"ஒங்க கேஸு."

1991ஆம் வருடக் கோப்பு. விண்ணப்பதாரர் நான்தான். வாரிசுச் சான்று இணைக்கப்படவில்லை. பெரியப்பா ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருந்ததால் அப்போது சான்று கிடைக்கவில்லையாம். எனக்கு இது தெரியாது. கிராம அதிகாரியின் கடிதம் ஒன்று மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே, அன்று பொறுப்பு அதிகாரியாக இருந்தவரின் பச்சைக் கையெழுத்து: 'கடிதத்தை ஏற்கலாம். பொறுப்பு எனது.' சிவசைலம்.

அதற்குப் பின்னால் இன்னும் நான்கு தாள்கள் தைத்திருக்கின்றன. 1992 ஜனவரியில் அவருக்கு வந்த மெமோ. அவர் எழுதிய விளக்கம். தண்டனை. கிருஷ்ணகிரிக்கு இடமாறுதல்.

ஜெபராணி கடைசித் தாள்வரை படித்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "கோப்பை வச்சுட்டுப் போம்மா" என்றேன்.

22.2.2025, சனி

எழுத ஒன்றுமில்லை. வடிவு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

23.2.2025, ஞாயிறு

மறுபடியும் பாளையங்கோட்டை. எட்டே நாளில் இரண்டாவது முறை வந்ததால் சார் பயந்துவிட்டார். கோப்பைப் பற்றிச் சொன்னதும் டிவியை அணைத்தார்.

"அது இன்னுமா கெடக்கு? கறையான் திங்கலையா?"

"என்ட்ட ஏன் சார் சொல்லல?"

"சொன்னா நீரு எம் முன்னால நிமிந்து நிப்பீரா? ஒங்க அம்மா ஒம்பது நாளு ஆபீஸ் வாசல்ல உக்காந்திருந்தா வே. பேசவே மாட்டா. சும்மா உக்காந்திருப்பா. ஒம்பதாவது நாளு எனக்குச் சோறு எறங்கல. போட்டுட்டேன்."

பிறகு மெமோவைப் பற்றிச் சொன்னார். என் வேலையை அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அவரைத்தான் பிடித்தார்கள். கிருஷ்ணகிரியில் இரண்டு வருஷம். அங்கே இருந்தபோதுதான் அவர் மனைவி இங்கே மூளைக்காய்ச்சலில் படுத்தார். தந்தி கிடைத்து, பஸ் மாறி மாறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காந்திமதிக்கு அப்போது பதின்மூன்று வயது.

அந்தச் சாவுக்கு நானும் போயிருந்தேன். அலுவலகத்தின் சார்பில் மாலை வாங்கிப் போனவன் நான்தான். வழக்கமான இடமாறுதல் என்றுதான் அன்று எல்லோரும் சொன்னார்கள்.

1994இல் திரும்பி வந்த சிவசைலம் சாரைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சாரைப் பார்த்துத்தான் நான் சட்டைக் கையை மடித்தேன். அதற்கு முன் அவர் எப்படி இருந்தார் என்று யோசித்துப் பார்த்தேன். சேர்ந்த முதல் ஆறு மாதம் அவர் சத்தமாகச் சிரிப்பார் என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

"எனக்குப் போட்டது தப்புன்னு நெனைக்கீங்களா சார்?"

கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் வெகுநேரம் துடைத்தார். "அதப் பொறவு பேசுவோம்" என்றார்.

வாசல்வரை காந்திமதி வந்தாள். "அண்ணாச்சி, அப்பா அன்னைக்குப் போட்டதுக்கு நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்ல. அதுக்குப் பொறவு ஒண்ணுமே போடலைல்லா, அதுக்குத்தான்" என்றாள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனைவரை நடந்துவிட்டேன்.

25.2.2025, செவ்வாய்

கோப்பு மேசையில் இருக்கிறது. ஜெபராணி உள்ளே வந்து நின்றாள். "பேசுகதானே சார்?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். பிறகு வா என்றேன்.

26.2.2025, புதன்

சிவராத்திரிக்கு விடுப்பு எடுத்தேன். நாள் முழுக்க வீட்டில் இருந்தேன். அலமாரியில் அம்மாவின் படம் இருக்கிறது. ஒன்பது நாள் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்ததை அவள் சாகும்வரை என்னிடம் சொல்லவில்லை. வேலை கிடைத்துவிட்டதே, அப்புறம் அதைச் சொல்வானேன் என்று நினைத்திருப்பாள்.

27.2.2025, வியாழன்

மாலை நாலு பத்துக்குப் போட்டேன். 'நகலை ஏற்கலாம். பொறுப்பு எனது.' கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இல்லை.

ஜெபராணியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் தனி ஆளிடம் கொடுத்துத் தலைமை அலுவலகத்தில் சேர்த்து, ரசீது வாங்கிவிட வேண்டும் என்றேன். அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரி சார்" என்றாள்.

வேலிக்கு வெளியே போய் முத்துப்பேச்சியிடம் நானே சொன்னேன். அவள் இலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். கும்பிட்டாள். பிறகு வேகமாகப் போய்விட்டாள். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமாம்.

28.2.2025, வெள்ளி

மதுரையில் மண்டல ஆய்வுக்கூட்டம். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை காதில் விழவில்லை. டீயில் சர்க்கரை போட்டுக் குடித்தேன். பஸ்ஸில் வரும்போது பக்கத்து இருக்கைக்காரரிடம், "கையில அதிகாரம் இருக்கும்போது துணிஞ்சு ஒரு நல்லது செய்யணும் சார். பயந்தா ஆகுமா?" என்று சொன்னேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் சொன்னேன். இனி என் கீழ் வேலை பார்ப்பவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஐந்து மாதம்தான் இருக்கிறது. பரவாயில்லை.

3.3.2025, திங்கள்

கோப்பு போகவில்லை.

காலையில் ரசீதைக் கேட்டேன். ஜெபராணி பீரோவைத் திறந்து கோப்பையே எடுத்து வைத்தாள். எனக்குப் புரியவில்லை.

"நான்தான் அனுப்பல சார்."

"ஏன்?"

"ஒம்பது வருஷத்துல நீங்க இப்படி எழுதி நான் பாத்ததில்ல. கை ஆடியிருந்துச்சு. பழைய கோப்புல சிவசைலம் சாருக்கு என்ன ஆச்சுன்னும் படிச்சேன். ஒங்களுக்கு அஞ்சு மாசந்தான் இருக்கு. மனசு சரியில்லாம எழுதிட்டீங்க, திங்கக்கெழம வந்து நெனச்சு வருத்தப்படுவீங்கன்னு பட்டுச்சு. ஒங்களக் காப்பாத்தணும்னு உள்ள வச்சுப் பூட்டிட்டேன்."

"ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கலாம்லாம்மா?"

"எடுத்தேன் சார். மீட்டிங்ல இருக்கும்போது கூப்பிடக் கூடாது, எதையும் ஃபோன்ல கேக்கக் கூடாது, கேட்டா பதில் சொல்ல வேண்டியதா போயிரும்னு நீங்கதான சொல்லுவீங்க."

சொல்லியிருக்கிறேன். இதே வார்த்தைகளில் சொல்லியிருக்கிறேன். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். எதைச் சொல்லித் திட்டுவது? அவள் என்னிடம் படித்ததில் ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

பதினொரு மணிக்கு முத்துப்பேச்சி வந்தாள். மஞ்சள் பை நிறைய முருங்கைக்காய். வீட்டு மரத்துக் காய் என்றாள். நிர்வாகக் காரணம், தபால் தாமதம், எத்தனையோ சொற்கள் எனக்கு வாயில் தயாராக இருக்கும். இன்று அவற்றைத் தொடவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "நீங்க போட்டுட்டேன்னு சொன்னதால எந்திரிச்சுப் போயிட்டேன் அய்யா. வெள்ளிக்கெழமையும் வந்து உக்காந்திருக்கணும்" என்றாள்.

இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது. தப்பு அவளுடையது என்று அவள் நினைக்கிறாள்.

4.3.2025, செவ்வாய்

தாமதத்தை மன்னிக்கக் கோரித் தலைமை அலுவலகத்துக்கு எழுதலாம். அபூர்வமாகத்தான் ஏற்பார்கள். தாமதத்துக்கு யார் காரணம் என்று பேரோடு எழுதினால்தான் பரிசீலிக்கவே செய்வார்கள். 'நிர்வாகக் காரணங்களால்' என்று எழுதினால் குப்பைக்குப் போகும். சிவசைலம் சாருக்கு மிகவும் பிடித்த வரி அது.

ஜெபராணி பெயரை எழுதலாம். அது உண்மையும்கூட. கோப்பைப் பூட்டியது அவள்தான். ஒரு வரியில் முடிந்துவிடும். எனக்கு மெமோ வராது, ஜூலையில் மாலை போட்டு அனுப்பிவைப்பார்கள்.

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பிள்ளையோட பேர எழுதினீங்கன்னா இந்த வீட்டுக்கு வராதீங்க" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் சொல்லவில்லை.

5.3.2025, புதன்

எழுதி அனுப்பிவிட்டேன். 'மேற்படி கோப்பு பதினான்கு மாதங்கள் எனது பிரிவில் இருந்தது. அதில் நான்கு முறை "பேசுக" என்று எழுதித் திருப்பி வைத்தவன் நானே. பொறுப்பு அதிகாரியான பின்பும் ஒருமுறை எழுதினேன். கடைசி நாளில் கோப்பு அனுப்பப்படாமல் போனதற்கும் எனது நெடுநாள் வழிகாட்டுதலே காரணம். விண்ணப்பதாரர் மீது தவறு ஏதும் இல்லை.'

நானே பஸ் ஏறிப் போய்க் கொடுத்து ரசீது வாங்கினேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த நாட்குறிப்பைப் பாதுகாப்புக்காக ஆரம்பித்தேன் என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. இப்போது யாராவது இதைப் படித்தால் நான் தப்ப முடியாது.

10.3.2025, திங்கள்

மேடம் ஊன்றுகோலோடு வந்துவிட்டார். கடிதத்தின் நகலைப் படித்தார். "என்ன தங்கப்பழம் சார், என் முழங்காலை மட்டும்தான் மாத்தினாங்கன்னு நெனச்சேன்" என்றார். பச்சைப் பேனாவை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

13.3.2025, வியாழன்

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கண்காணிப்பாளர் போனில் கூப்பிட்டார்.

"சார், ஒங்க விளக்கம் வந்துச்சு. மறுநாளே ஒங்க ஆபீஸ் ஜெபராணி தனியா ஒண்ணு அனுப்பியிருக்காங்க. கோப்ப நான்தான் பூட்டி வச்சேன், சார் உரிய நேரத்துல கையெழுத்துப் போட்டுட்டாங்க, தப்பு முழுக்க என்னுதுன்னு. இருபத்தாறு வருஷமா இந்த சீட்ல இருக்கேன். 'நான் இல்ல'ன்னுதான் விளக்கம் வரும். அத வைக்கத் தனிக் கட்டே இருக்கு. ரெண்டு பேரு 'நான்தான்'னு எழுதுனா நான் எந்தக் கட்டுல சார் வைக்க?"

ஜெபராணியைக் கூப்பிட்டேன். "ஏம்மா, என்னக் கேக்காம ஏன் எழுதுன?"

"கேட்டா பாப்போம்னு சொல்லுவீங்க சார்."

ஒன்பது வருஷம் நான் சொல்லிக்கொடுத்ததை இந்தப் பிள்ளை ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிட்டது. எனக்கு இவ்வளவு சந்தோஷம் ஏன் என்று தெரியவில்லை.

28.3.2025, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. தாமதம் மன்னிக்கப்படுகிறது. முத்துப்பேச்சியின் முன்மொழிவு ஏற்கப்பட்டு, காத்திருப்போர் பட்டியலில் முந்நூற்றுப் பதினான்காவதாகச் சேர்க்கப்படுகிறது. அதே உறையில் இரண்டு மெமோக்கள். ஜெபராணிக்குச் சின்னது. எனக்குப் பெரியது, ஜூலை 31ஐ விழுங்கக்கூடியது. பதில் தரப் பதினைந்து நாள்.

முத்துப்பேச்சிக்கு நானே படித்துக் காட்டினேன். முந்நூற்றுப் பதினாலு என்றதும் எனக்கே குரல் இறங்கிவிட்டது. மூன்று வருஷமாகலாம், ஐந்தும் ஆகலாம் என்றேன்.

"இருக்கட்டும் அய்யா. வரிசையில நிக்க ஒரு எடம்தான கேட்டேன். இது வரைக்கும் வரிசையே இல்லாம நின்னுட்டிருந்தேன்" என்றாள். எண்ணைத் தன் கையில் பேனாவால் எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஜெபராணி மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "சார், இதுக்கு எப்படிப் பதில் எழுதணும்?"

கண்ணாடியைக் கழற்றப் போனேன். பாதியில் கையை இறக்கிக்கொண்டேன்.

"தெரியாதும்மா. எனக்கும் இதுதான் மொதத் தடவ" என்றேன். அவள் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆளுக்கொரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு, நடந்தது நடந்தபடி எழுத ஆரம்பித்தோம்.